செல்வமும் சீடத்துவமும்: தொழில், வணிகம், முன்னேற்றம் பற்றித் திருச்சபை கற்பிப்பது



நம் மக்கள் புதிதாக ஒரு கடை திறந்தாலும், பட்டறை தொடங்கினாலும், வாடகைக்கு ஓட்ட ஒரு வேன் வாங்கினாலும், குருவை அழைத்து மந்திரிக்கும் வழக்கம் உண்டு. செபம் சொல்லித் தீர்த்தம் தெளிக்கப்படுகிறது. கல்லாப்பெட்டிக்கு மேலே திருஇருதய ஆண்டவரின் படம் மாட்டப்படுகிறது. நல்ல வழக்கம்தான். ஆனால் மறுநாள் வியாபாரம் தொடங்கியதும், மேலே இருக்கும் படத்திற்கும் கீழே இருக்கும் கல்லாப்பெட்டிக்கும் என்ன உறவு என்பதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

பங்குகளில் இது தொடர்பாக மூன்று கேள்விகள் மீண்டும் மீண்டும் எழுகின்றன. "நிறையச் சம்பாதிக்க வேண்டும் என்று ஆசைப்படுவது பாவமா, ஃபாதர்?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். "உண்மையை மட்டும் பேசிக்கொண்டு வியாபாரம் செய்ய முடியுமா?" என்று தொழிலில் ஊன்றியவர்கள் கேட்கிறார்கள். "ஒரு ஞாயிறு பூசையும் விட்டதில்லை, ஆனாலும் என் தொழில் ஏன் படுத்துவிட்டது?" என்று இழந்தவர்கள் கேட்கிறார்கள்.

மூன்றுமே நேர்மையான கேள்விகள். ஒருவரிடம் எவ்வளவு செல்வம் இருக்கிறது என்று திருச்சபை முதலில் கேட்பதில்லை. அது எப்படி வந்தது, யாருக்குப் பயன்படுகிறது என்ற இரண்டையுமே கேட்கிறது. இவற்றில் முதல் கேள்வியைத் தள்ளிவிட்டு, இரண்டாவதற்கு மட்டும் நன்கொடை ரசீதைக் காட்டிப் பதில் சொல்ல நாம் பழகிவிட்டோம். இந்தக் கட்டுரை இரண்டையும் சேர்த்தே பார்க்க முயல்கிறது.

மூன்று தவறான பார்வைகள்

முதலாவது, பணமே பாவம் என்ற பார்வை. புனித பவுல் தீமைகளுக்கெல்லாம் வேராகக் காட்டுவது பணத்தை அல்ல, பொருளாசையை (1 திமொத்தேயு 6:10). துறவியர் ஏற்கும் ஏழ்மை, இறையாட்சிக்காக மனமுவந்து தரும் வாக்குறுதி. பள்ளிக் கட்டணம் கட்ட முடியாத குடும்பத்தின் வறுமை அப்படிப்பட்டது அல்ல. அது ஒழிக்கப்பட வேண்டிய துன்பம். திருக்குறளில் 'பொருள் செயல்வகை' என்று ஓர் அதிகாரமே உண்டு. தீய வழியின்றி வந்த பொருள் அறத்தையும் இன்பத்தையும் தரும் என்பது வள்ளுவரின் கருத்து. நம் விசுவாசமும் அதற்கு மாறானது அல்ல.

இரண்டாவது, பணமே ஆசீர் என்ற பார்வை. விசுவாசம் இருந்தால் செல்வம் வரும், செல்வம் வராவிட்டால் விசுவாசம் குறைவு என்று சில போதகர்கள் முழங்குகிறார்கள். நம் மக்களும் அதைத் தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் கேட்கிறார்கள். யோபு நேர்மையாளராக இருந்தபோதே அனைத்தையும் இழந்தார். அவருடைய இழப்பிற்கு அவருடைய பாவத்தையே காரணமாகக் காட்டிய நண்பர்களைத்தான் இறுதியில் ஆண்டவர் கடிந்துகொண்டார் (யோபு 42:7). நம் ஆண்டவர் தொழுவத்தில் பிறந்தார், பிறர் கொடுத்த கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். 2020ஆம் ஆண்டின் பொதுமுடக்கத்தில் கடையை இழந்த ஒருவரிடம் 'உன் விசுவாசம் போதாது' என்று சொல்வது, அடிபட்டுக் கிடப்பவரை மீண்டும் அடிப்பதாகும்.

மூன்றாவது, ஞாயிறு வேறு, திங்கள் வேறு என்ற பார்வை. நம்மிடையே மிகுதியாக இருப்பது இதுவே. "வியாபாரத்தில் இதெல்லாம் சகஜம்" என்ற ஒரே வாக்கியத்தில் எல்லாவற்றையும் மூடிவிடுகிறோம். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்ற ஏடு, விசுவாசத்திற்கும் அன்றாட வாழ்க்கைக்கும் இடையே உள்ள இந்தப் பிளவை நம் காலத்தின் பெரும் தவறுகளுள் ஒன்றாகக் கணிக்கிறது (எண் 43).

திருவிவிலியம் காட்டும் வணிகமும் செல்வர்களும்

திருவிவிலியம் வணிகத்தை வெறுக்கவில்லை, ஆனால் அதன் ஆபத்துகளை நன்கு அறிந்திருக்கிறது. பையில் இரண்டு விதமான எடைக்கற்களை வைத்திருப்பதை இணைச்சட்டம் தடை செய்கிறது (25:13-16). வாங்கும்போது ஒரு கல், விற்கும்போது இன்னொரு கல் என்ற தந்திரம் அவ்வளவு பழையது. இன்று எடைக்கல்லின் இடத்தில் மின்னணுத் தராசு இருக்கிறது, தந்திரம் மாறவில்லை. ஓய்வுநாள் எப்போது முடியும், கடையை எப்போது திறக்கலாம் என்று காத்திருந்து, அளவைக் குறைத்து, கோதுமைப் பதரையும் விற்றவர்களை ஆமோஸ் கண்டிக்கிறார் (8:4-6). அவர்கள் ஓய்வுநாளைத் தவறாமல் கடைப்பிடித்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். சீராக்கின் ஞானமோ, குற்றமற்றவராகக் காணப்படும் செல்வர் பேறுபெற்றவர் என்கிறது (31ஆம் அதிகாரம்). அப்படிப்பட்டவரைக் காண்பது அரிது என்ற ஏக்கமும் அதே பகுதியில் ஒலிக்கிறது.

புதிய ஏற்பாட்டில் இயேசு எல்லாச் செல்வரிடமும் ஒரே கட்டளையைத் தருவதில்லை. தம்மிடம் வந்த செல்வரை அன்போடு நோக்கி, அனைத்தையும் விற்றுவிட்டுத் தம்மைப் பின்தொடரச் சொன்னார். அவர் வருத்தத்தோடு போய்விட்டார் (மாற்கு 10:17-22). சக்கேயு பாதிச் சொத்தை ஏழைகளுக்குத் தருவதாகவும், ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் தாமே முன்வந்தார் (லூக்கா 19:1-10). தியத்திரா நகரைச் சேர்ந்த லீதியா செந்நிற ஆடைகள் விற்பவர். பிலிப்பியில் திருமுழுக்குப் பெற்றபின் தம் வீட்டைத் திருத்தூதர்களுக்குத் திறந்துவிட்டார் (திருத்தூதர் பணிகள் 16:14-15). அரிமத்தியா யோசேப்பு தம் புதிய கல்லறையை ஆண்டவருக்குக் கொடுத்தார்.

சக்கேயுவின் நிகழ்ச்சியில் நாம் அடிக்கடி தவறவிடும் ஒன்று உண்டு. அவர் தர்மம் மட்டும் பேசவில்லை, கணக்கும் தீர்த்தார். ஏமாற்றப்பட்டவர்களின் பணத்தை எடுத்து ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுப் புண்ணியம் தேடவில்லை. யாரிடமிருந்து வந்ததோ அவரிடமே அது திரும்ப வேண்டும் என்றார். ஒப்புரவு அருட்சாதனத்தில் குரு ஈடுசெய்யச் சொல்வதும் இதனால்தான்.

இலாசர் உவமையில் வரும் செல்வர் திருடினார் என்றோ ஏமாற்றினார் என்றோ ஆண்டவர் சொல்லவில்லை. வாயிலருகே கிடந்தவரை அவர் கண்டுகொள்ளவில்லை, அவ்வளவுதான் (லூக்கா 16:19-31). புதிய களஞ்சியம் கட்டத் திட்டமிட்ட செல்வரின் உள்மனப் பேச்சில் கடவுளுக்கும் இடமில்லை, அயலாருக்கும் இடமில்லை (லூக்கா 12:16-21). நேர்மையாக வந்த செல்வமும் கண்ணை மறைக்கக்கூடும் என்பதே இவ்விரு உவமைகளின் எச்சரிக்கை.

முன்னேற நினைப்பது பாவமா?

செபதேயுவின் மக்கள் யாக்கோபும் யோவானும் இயேசுவின் வலப்புறமும் இடப்புறமும் இடம் கேட்டார்கள் (மாற்கு 10:35-45). பெரியவராக வேண்டும் என்ற ஆசையை ஆண்டவர் அடியோடு அறுத்துவிடவில்லை. அதற்குச் செல்லும் பாதையை மாற்றினார். பெரியவராக விரும்புகிறவர் பணியாளராக இருக்கட்டும் என்றார்.

தாலந்து உவமையும் இதையே காட்டுகிறது (மத்தேயு 25:14-30). ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி. ஆகவே ஒரே ஒரு தாலந்து பெற்றவரின் கையில்கூட, ஏறக்குறைய 20 ஆண்டு உழைப்பின் மதிப்புள்ள பணம் இருந்தது. அவர் அதைத் திருடவில்லை, தொலைக்கவில்லை. அஞ்சிப் புதைத்து வைத்தார், அதற்காகவே கண்டிக்கப்பட்டார். திறமை இருந்தும் 'நமக்கு எதற்கு வம்பு' என்று ஒதுங்கும் இளைஞர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். பத்துப் பேருக்கு வேலை கொடுக்கும் தொழிலைத் தொடங்கும் ஆற்றல் கடவுள் தந்த கொடை.

ஆனால் அதே அதிகாரத்தை அங்கேயே மூடிவிடக் கூடாது. அடுத்து வருவது இறுதித் தீர்ப்பு. பசியாயிருந்தவருக்கு உணவளித்தோமா என்ற கேள்வி. முதல் பகுதியை மட்டும் படித்தால் சுயநலம் பிறக்கும். இரண்டாம் பகுதியை மட்டும் படித்தால், உணவளிக்க வேண்டிய பொருளை யார் உண்டாக்குவது என்பதை மறந்துபோவோம்.

திருச்சபையின் போதனை வளர்ந்த வழி

ஏறத்தாழ கி.பி. 200இல் அலெக்சாந்திரியா நகர் கிளமெந்து, மீட்புப் பெறும் செல்வர் யார் என்பதைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். எல்லாரும் எல்லாவற்றையும் விட்டுவிட்டால் பசித்தவருக்கு உணவளிப்பவர் யார் என்று அதில் கேட்டார். 407இல் இறந்த புனித யோவான் கிறிசோஸ்தோம், ஏழைக்குப் பகிராத செல்வம் ஏழையிடமிருந்து பறித்த செல்வத்திற்குச் சமம் என்று கடுமையாகப் போதித்தார். 13ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ், தனியுடைமை முறையானது என்றும், ஆனால் பயன்பாட்டில் அதைப் பொதுவானதாகக் கருத வேண்டும் என்றும் விளக்கினார். குடும்பத்தைக் காக்கவும், வறியவருக்கு உதவவும், நாட்டின் தேவைக்காகவும் அளவான இலாபம் தேடும் வணிகத்தை அவர் ஏற்றார்.

ஏழ்மையைத் தேர்ந்த பிரான்சிஸ்கன் துறவியரே வணிக உலகுக்கும் பங்களித்தார்கள் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். கொள்ளை வட்டியிலிருந்து ஏழைகளைக் காக்க, 1462இல் இத்தாலியின் பெரூஜியாவில் அடகுக் கடன் அறநிலையம் ஒன்று உருவாக அவர்கள் துணைநின்றார்கள். நம் வணிகவியல் மாணவர்கள் படிக்கும் இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை 1494இல் வெனிசில் அச்சிட்ட நூலில் விளக்கிய லூக்கா பச்சோலியும் பிரான்சிஸ்கன் துறவியே. கணக்கை நேராக எழுதுவதும் ஓர் அறம்தான்.

ஆலைத் தொழில் பெருகிய காலத்தில், 1891இல், திருத்தந்தை 13ஆம் லியோ 'ரேரும் நோவாரும்' என்ற சுற்றுமடலை வெளியிட்டார். தனியுடைமை உரிமையையும், தொழிலாளரின் நியாயமான ஊதியத்தையும், சங்கம் அமைக்கும் உரிமையையும் ஒருங்கே காத்தார். அதன் நூற்றாண்டை ஒட்டி 1991இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட சுற்றுமடல், இலாபம் ஒரு தொழில் நன்றாக நடப்பதற்கான அடையாளம் என ஏற்றுக்கொண்டது. அதே வேளையில், கணக்குப் புத்தகம் சரியாக இருந்தும் அங்கே உழைப்பவர்களின் மாண்பு மிதிபடக்கூடும் என்றும் எச்சரித்தது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2013இல் 'நற்செய்தியின் மகிழ்ச்சி' மடலில், தொழில் நடத்துவதை ஓர் உயரிய அழைத்தல் என்றார். உலகின் பொருள்களைப் பெருக்கி, எல்லாருக்கும் எட்டச் செய்வதற்கான அழைத்தல் அது. 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை 14ஆம் லியோ, தம் பெயரைத் தேர்ந்ததற்கு 'ரேரும் நோவாரும்' தந்த திருத்தந்தையின் நினைவும் ஒரு காரணம் என்று கூறினார். அவ்வாண்டு அக்டோபரில் ஏழைகள்மீதான அன்பைப் பற்றித் தம் முதல் திருத்தூது அறிவுரை மடலை வெளியிட்டார்.

நீதி முதலில், தர்மம் பிறகு

நம் கட்டுரையின் மையத்துக்கு வருவோம். இரண்டாம் வத்திக்கான் சங்கம், பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி பற்றிய ஏட்டில் (எண் 8) ஒரு முக்கியமான நெறியைத் தருகிறது. நீதிப்படி ஒருவருக்குச் சேர வேண்டியதை, அன்பின் கொடைபோலக் கொடுக்கக் கூடாது என்பதே அது.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். ஒரு கடையில் 10 பேர் வேலை செய்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் நியாயமாகத் தர வேண்டியதைவிட மாதம் 2,000 ரூபாய் குறைவாகத் தரப்படுகிறது. ஓர் ஆண்டில் அது 2,40,000 ரூபாய். திருவிழாவுக்கு அந்த முதலாளி ஒரு இலட்சம் ரூபாய் நன்கொடை தருகிறார். நன்றியுரையில் அவர் பெயர் வாசிக்கப்படுகிறது, சால்வை போர்த்தப்படுகிறது. உண்மையில் அந்த ஒரு இலட்சத்தைக் கொடுத்தது யார்? ஆண்டவர் முன்னிலையில் அந்த ரசீதில் எத்தனை பெயர்கள் இருக்கும்?

கூலியைப் பொழுது சாயும் முன் கொடுத்துவிட வேண்டும் என்கிறது இணைச்சட்டம் (24:14-15). பிடித்து வைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்கிறார் யாக்கோபு (5:4). அநீதியாய் ஈட்டியதைப் பலியாகச் செலுத்துவதையும், கூலியாளின் கூலியைப் பறிப்பதையும் சீராக்கின் ஞானம் ஒரே மூச்சில் கண்டிக்கிறது (34ஆம் அதிகாரம்). "இந்தச் சம்பளத்துக்கு ஒத்துக்கொண்டுதானே வந்தார்?" என்று கேட்கலாம். தொழிலாளி ஒத்துக்கொண்டார் என்பதால் மட்டும் ஊதியம் நியாயமாகிவிடாது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி தெளிவாகக் கற்பிக்கிறது (எண் 2434). வேறு வழியில்லாதவரின் சம்மதம் முழுச் சம்மதம் அல்ல.

தமிழ்நாட்டில் கந்துவட்டியைத் தடுக்க 2003இல் சட்டம் வந்தது. துணிக்கடை, நகைக்கடை போன்ற இடங்களில் நாள் முழுவதும் நிற்கும் ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டம் திருத்தப்பட்டது. நற்செய்தியை அறிந்தவர்கள் இவற்றைச் சட்டம் வரும்வரை காத்திராமலே செய்திருக்க வேண்டும் அல்லவா?

பங்கு நிர்வாகமும் இதில் தன்னைச் சோதித்துப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளது. பொன் மோதிரம் அணிந்தவருக்கு நல்ல இருக்கையும் ஏழைக்குத் தரையும் காட்டுவதை யாக்கோபு கண்டிக்கிறார் (2:1-4). குழல்விளக்கின் வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்கு உபயதாரரின் பெயரை எழுதுவதும், ஏழைக் கைம்பெண்ணின் காணிக்கையை எண்ணாமலே விடுவதும் நற்செய்திக்கு ஏற்றதல்ல.

தொழிலிலும் பதவியிலும் புனிதம்

இவ்வளவையும் கடைப்பிடித்துத் தொழில் செய்தவர் உண்டா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. வட இத்தாலியின் கிரெமோனா நகரைச் சேர்ந்த புனித ஹோமோபோனுஸ் திருமணமான பொதுநிலையினர், துணி வணிகர். நேர்மையாக வணிகம் செய்து, வருவாயில் பெரும்பங்கை வறியவருக்குச் செலவிட்டார். 1197 நவம்பர் 13 அன்று திருப்பலியில் பங்கேற்றபோதே இறந்தார். 14 மாதங்களுக்குள், 1199 சனவரியில், திருத்தந்தை 3ஆம் இன்னொசென்ட் அவரைப் புனிதராக அறிவித்தார். வணிகர்களுக்கும் தையல் தொழிலாளருக்கும் அவர் பாதுகாவலர்.

நம் காலத்துக்கு நெருக்கமானவர் அர்ஜென்டினா நாட்டின் என்ரிக் ஷா. 1921இல் பிறந்தவர், ஒன்பது பிள்ளைகளின் தந்தை. கடற்படையை விட்டு வந்து ஒரு பெரிய கண்ணாடித் தொழிற்சாலையின் நிர்வாகியானார். 1952இல் கத்தோலிக்கத் தொழில்முனைவோருக்கு ஓர் அமைப்பை உருவாக்கினார். நிறுவனம் அமெரிக்கப் பங்குதாரர் கைக்கு மாறியபோது, ஏறத்தாழ 1,200 பேரை வேலையிலிருந்து நீக்கத் திட்டமிடப்பட்டது. புற்றுநோயால் வாடிக்கொண்டிருந்த அவர், அதை ஏற்க மறுத்து மாற்றுத் திட்டம் ஒன்றை முன்வைத்து வாதாடி, அந்த வேலைகளைக் காத்தார். அவருக்கு இரத்தம் தேவைப்பட்டபோது தொழிலாளர்கள் திரளாக வந்து இரத்ததானம் செய்தார்கள். 1962இல் இறந்த அவரை 2021இல் திருத்தந்தை பிரான்சிஸ் வணக்கத்திற்குரியவராக அறிவித்தார். ஒரு முதலாளியைப் பற்றித் தொழிலாளர் தரக்கூடிய சான்றிதழ் இதைவிட என்ன இருக்க முடியும்?

நம் மண்ணின் மறைசாட்சி புனித தேவசகாயம் வணிகர் அல்லர், திருவிதாங்கூர் அரசின் அலுவலர். ஆனால் பதவியிலும் அந்தஸ்திலும் இருப்பவர்களுக்கு அவர் வாழ்வு ஒரு கேள்வி. 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றபின், சாதி வேறுபாடு பாராமல் எல்லாரோடும் பழகினார். அனைத்தையும் இழந்து 1752இல் உயிரையும் கொடுத்தார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார்.

ஆன்ம சோதனைக்குச் சில கேள்விகள்

தொழில் செய்வோர், அலுவலகங்களில் பொறுப்பில் இருப்போர், வாரம் ஒருமுறை இரவு செபத்தின்போது இவற்றைக் கேட்டுப் பார்க்கலாம்:

1. என்னிடம் வேலை செய்பவர், அந்த ஊதியத்தில் தம் குடும்பத்தை மாண்போடு நடத்த முடிகிறதா? அதை உரிய நாளில் கொடுக்கிறேனா?

2. வருங்கால வைப்பு நிதி, மருத்துவக் காப்பீடு போன்ற சட்டப்படியான உரிமைகளைக் குறுக்குவழியில் தவிர்க்கிறேனா?

3. எடை, தரம், காலாவதித் தேதி பற்றி வாங்குபவருக்குத் தெரிய வேண்டியதை மறைக்கிறேனா?

4. வேலைக்கு ஆள் எடுக்கும்போதும், பதவி உயர்வு தரும்போதும் சாதி பார்க்கிறேனா?

5. ஒருவரின் அவசரத்தைப் பயன்படுத்தி அதிக வட்டிக்குக் கடன் கொடுத்திருக்கிறேனா?

6. என் ஆலையின் கழிவு யாருடைய கிணற்றில் சேர்கிறது?

7. தொழிலுக்காக என் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உரிய நேரத்தை எடுத்துக்கொள்கிறேனா? ஞாயிறு ஓய்வு எனக்கும் என் ஊழியருக்கும் உண்டா?

8. நாளையே எல்லாம் போய்விட்டாலும், நான் கடவுளின் பிள்ளை என்ற உறுதி எனக்கு இருக்குமா?

இவை அனைத்தையும் ஒரே நாளில் சரிசெய்ய இயலாது. போட்டி கடுமையானது, கடன் சுமை உண்டு, இலஞ்சம் கேட்பவர்களும் உண்டு. ஆகவே ஒன்றில் தொடங்குங்கள். சம்பளத் தேதியில் தொடங்கலாம், தராசில் தொடங்கலாம். தனியாகப் போராடவும் வேண்டாம். அன்பியக் கூட்டங்களில் தொழில் செய்பவர்கள் தங்கள் சிக்கல்களை மனம்திறந்து பேசினால், ஒருவர் கண்ட வழி மற்றவருக்கும் உதவும். தொழில் நொடிந்தவரைக் கூசாமல் அழைத்து உட்கார வைக்கும் இடமாகவும் அன்பியம் இருக்கட்டும்.

பீடத்தின் மேல் வைக்கப்படும் அப்பத்தை எண்ணிப் பாருங்கள். உழவர் விளைவித்தார், ஆலையில் மாவானது, யாரோ ஏற்றி வந்தார்கள், யாரோ விற்றார்கள், யாரோ வாங்கினார்கள். அந்த உழைப்பும் வணிகமும் எல்லாம் சேர்ந்தே ஆண்டவரின் உடலாக மாறும் அப்பமாகப் பீடத்திற்கு வருகின்றன. ஆண்டவர் அவற்றை ஒதுக்கவில்லை. காணிக்கை வேளையில் நம் கடையையும் பட்டறையையும் அலுவலகத்தையும், அங்கே நம்மோடு உழைப்பவர்களையும் பீடத்தில் வைப்போம். அங்கே வைக்கக் கூசும் ஏதாவது நம் கணக்கில் இருந்தால், முதலில் அதைத் தீர்த்துவிட்டு வருவோம்.

உழைப்போரையும், உழைக்க வைப்போரையும், இழந்து தவிப்போரையும் இறைவன் நிறைவாக ஆசீர்வதிப்பாராக.